அந்நிய நாட்டு மென்பொருளும் நம் சங்கக் கணக்கும்

கரிசற் சீமை விவசாயிக்கு விதையைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கருங்கண்ணிப் பருத்தியே விதைத்து வந்த காலத்தில், நன்கு விளைந்த காட்டிலிருந்து எடுத்த விதையை அவன் தன் வீட்டிலேயே பத்திரப்படுத்தினான். அடுத்த மழைக்கு யாரையும் கேளாமல் விதைத்தான். பின்னர்ப் பொட்டலத்தில் அடைத்த ஒட்டுரக விதை வந்தது. 2002-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் பொட்டல விலைக்குள், விதையின் விலையோடு மான்சாண்டோ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தொழில்நுட்ப உரிமக் கட்டணமும் கலந்திருந்தது. மத்திய அரசு 2015-இல் விலைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்து, 2016-இல் அக்கட்டணத்தைப் பொட்டலம் ஒன்றுக்கு 49 ரூபாயாக்கி, படிப்படியாகக் குறைத்து, 2020-இல் முற்றிலும் நீக்கியது. அதுவரை உழவன் ஆண்டுதோறும் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி விதைக்கு. மறு பகுதி ஓர் அனுமதிக்கு.

வீட்டு விதைக்கும் பொட்டல விதைக்கும் உள்ள இவ்வேற்றுமையை மனத்தில் இருத்திக் கொண்டால், இன்று நம் சங்கங்களின் மேசைமேல் வந்து அமர்ந்திருக்கும் ஒரு புதுச் சரக்கைப் புரிந்து கொள்வது எளிது. அதுவே கணினி மென்பொருள். பேரேடு எழுதுவதற்கும், நூல் இருப்புப் பார்ப்பதற்கும், சேலைக் கரையின் பூவேலையைத் திரையில் வரைந்து ஜக்கார்டு அட்டைக்குத் தயாரிப்பதற்கும், கடிதம் அடிப்பதற்கும் இது பயன்படுகிறது. இவற்றுட் சில நம் நாட்டில் செய்யப்பட்டவை; பல அயல்நாட்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்படுபவை. ஆய்வுக்குச் செல்லுமிடமெல்லாம் இதை வாங்கிய விதத்தைப் பற்றி நாம் வினவுவதுண்டு. “பணம் கட்டினோம், வந்தது” என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. பணம் கட்டியது எதற்கு, வந்தது எது என்ற இரண்டையும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதியே இதனை எழுதலானோம்.

ஒரு சங்கத்தில் கண்டது

எம் சரகத்தில் ஒரு நெசவாளர் சங்கம், பெயர் வேண்டா. நூற்றுக்கு மேற்பட்ட தறிகள் ஓடும் சங்கம் அது. சில ஆண்டுகளுக்கு முன் அந்நிய நாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து, டிசைன் வரைவதற்கும் நூல், சேலை இருப்பு எழுதுவதற்கும் ஏற்ற மென்பொருள் ஒன்றை இணையத்தின் வழியே வாங்கியிருந்தார்கள். சரக்கு நல்ல சரக்குத்தான். அதில் நாம் குறை காணவில்லை. வாங்கிய முறையிலேதான் குறை இருந்தது. பணம் அப்போதைய காரியதரிசியின் சொந்தக் கடன் அட்டையிலிருந்து சென்றது. கணக்கு, தற்காலிகமாக வேலை பார்த்த கணினிப் பணியாளர் ஒருவரின் சொந்த மின்னஞ்சல் முகவரியில் திறக்கப்பட்டது. சங்கத்தின் பெயர் எங்குமே இல்லை.

காலம் சென்றது. காரியதரிசி ஓய்வு பெற்றார். பணியாளர் திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டார். ஆண்டுச் சந்தா புதுப்பிக்கும் நாள் ஐப்பசியில் வந்தது. நினைவூட்டுக் கடிதங்கள் திருப்பூரிலிருந்தவரின் முகவரிக்குச் சென்று, படிக்கப்படாமலே கிடந்தன. நம் ரிசர்வ் வங்கியின் விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானியங்கிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் அட்டைக்குரியவரே இசைவு தர வேண்டும். அதற்கான எண் ஓய்வு பெற்ற காரியதரிசியின் கைபேசிக்குச் சென்றது. அவர் ஏதோ மோசடி என்று எண்ணி விட்டுவிட்டார். மறுநாட் காலை மென்பொருள் திறக்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரமே இருந்தது. யார் வீட்டில் எத்தனை பாவு, எத்தனை சேலை வந்தது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்ற விவரமெல்லாம் பூட்டிய கதவுக்கு அப்பால் இருந்தன.

அந்த வாரத்தில்தான் நாம் அங்கே ஆய்வுக்குச் சென்றிருந்தோம். கூலி வாங்க வந்த வயோதிக அம்மையார் ஒருவர் புதிய காரியதரிசியை நோக்கி, “தறி எங்க வீட்டுல ஓடுது. கணக்கு எந்தச் சீமையில கிடக்கு, அண்ணாச்சி?” என்று கேட்டார். காரியதரிசியிடம் விடை இல்லை, நம்மிடமும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதினால், “கணக்கு உங்கள் சங்கத்தின் பெயரில் இல்லை, அதற்குரியவர் எழுதினால்தான் பேசுவோம்” என்று பதில் வந்தது. அவர்கள் நிலையில் அது முறையான பதிலே. வேறொருவர் வந்து நம் சங்கத்தின் பேரேட்டைக் கேட்டால் நாம் கொடுத்துவிடுவோமா?

திருப்பூரிலிருந்தவரைத் தேடிப் பிடித்து, பணம் செலுத்தி, கதவு திறக்க ஒன்பது நாள் ஆயிற்று. இடையே கூலி நின்றுவிடாமற் காத்தது ஒரு பழைய குமாஸ்தாவின் பழக்கம். கணினி வந்த பின்னரும் அவர் பாவு, ஊடை கொடுத்ததையும் சேலை வரவையும் கையால் ஒரு நோட்டில் எழுதி வந்தார். “இது எதற்கு, வீண் வேலை” என்று பிறர் நகைத்தனராம். அந்த நோட்டை வைத்தே முன்பணமாகக் கூலி பட்டுவாடா செய்யப்பட்டது. நெசவாளர் வீடுகளில் தீபாவளி நடந்தது.

நாம் வாங்குவது எதனை?

மென்பொருள் வாங்கும்போது திரையில் நீண்டதோர் ஒப்பந்தம் தோன்றும். அடியில் ‘சம்மதம்’ என்றொரு கட்டம் இருக்கும். அதைத் தொட்டால் கையொப்பம் இட்டதாகவே பொருள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்வழி செய்து கொண்டது என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகி விடாது என்கிறது. அந்த ஒப்பந்தத்தில் பெரும்பாலும் காணப்படுவது யாதெனின், மென்பொருளின் உரிமை ஆக்கியோனிடமே இருக்கும். வாங்குவோனுக்கு இத்தனை கணினியில், இத்தனை பேர், இத்தனை காலம் பயன்படுத்திக் கொள்ளும் அனுமதி மட்டும் உண்டு. அதனைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாகாது என்பதே.

இந்த அனுமதி இரு வகைப்படும். ஒரு முறை பணம் கட்டினால் அந்தப் பதிப்பைக் காலவரையறையின்றிப் பயன்படுத்திக் கொள்ளலாம் என்பது ஒரு வகை. கிரயத்துக்கு ஒருவாறு ஒப்பாகும். மாதமோ ஆண்டோ சந்தா கட்டும் வரையில்தான் என்பது மற்றொரு வகை, இது குத்தகை. குத்தகை முடிந்தால் நிலத்தை விட்டு வெளியேற வேண்டும். விளைந்த தவசத்தையாவது வண்டியில் ஏற்றிக் கொண்டு போக விடுவார்களா என்பதே கேள்வி. கிரய வகையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அனுமதிக்கு முடிவு இல்லையாயினும் பராமரிப்புக்கு முடிவு உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த பொதுப் பராமரிப்பை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதன் பின்னரும் அக்கணினிகள் ஓடுகின்றன. ஆயினும் புதிதாகத் தோன்றும் ஓட்டைகளை அடைப்பதற்கு வழக்கமான உதவி இல்லை.

காசு கொடாமல் திருட்டுப் பிரதி போட்டுக் கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். அது கூடவே கூடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அதே சட்டம், முறையாக வாங்கியவர் அழிவுக்கு எதிரான பாதுகாப்பாக மறுபிரதி எடுத்து வைத்துக் கொள்ள உரிமையும் தருகிறது. நேர்மையாய் வாங்கியவனுக்கே இச்சலுகை.

வாடகைக் கப்பலின் பாடம்

அனுமதியை நம்பித் தொழில் நடத்துவதன் ஆபத்தை நம் வட்டாரம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டிருக்கிறது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலிருந்த ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தே ஓட்டினார். போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி, வாடகைக்குக் கொடுத்தவரை நெருக்கியது. கப்பல் திரும்பப் பெறப்பட்டது. வாடகை பாக்கி வைத்ததனால் நேர்ந்ததன்று. மூன்றாமவர் ஒருவரின் நிர்ப்பந்தத்தால் நேர்ந்தது. சிதம்பரனார் இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு வரவழைத்து அப்போதைக்குச் சமாளித்தார். பிறகு பங்குப் பணம் திரட்டிக் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கம்பெனிக்கே சொந்தமாக வாங்கினார். அந்நிய ஆட்சி அக்கம்பெனியைப் பின்னர் நசுக்கியது வேறு வரலாறு. மாற்று வழி ஒன்றை உடனே தேடியதும், பின்பு சொந்தமாக்கிக் கொண்டதும் நமக்கு வேண்டிய பாடம்.

இது பழங்கதை என்று தள்ளுவோர், 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடந்ததை நோக்குவாராக. குஜராத் மாநிலத்து வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நம் நாட்டில் பதிவு பெற்ற நிறுவனம். அதன் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ரஷ்ய நிறுவனமான ராஸ்நெப்ட்டுக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியம் ஜூலை 18-ஆம் நாள் ரஷ்யாவுக்கு எதிராக விதித்த தடைகளில் நயாராவும் சேர்க்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் மைக்ரோசாப்ட் அந்நிறுவனத்துக்கு அளித்து வந்த சேவைகளை நிறுத்தியது. முழுப் பணம் கொடுத்து உரிமம் பெற்றிருந்தும் தம் சொந்தத் தகவல்களையே எட்ட முடியவில்லை என்று நயாரா டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. அந்த மாதக் கடைசியில் சேவை திரும்ப அளிக்கப்பட்டது. இந்தியச் சட்டமோ அமெரிக்கச் சட்டமோ அத்தடையை விதிக்கவில்லை. மூன்றாம் இடத்துச் சட்டம் ஒன்றே மூலம். அத்துணைப் பெரிய நிறுவனம் உயர் நீதிமன்றம் சென்றது. நம் சங்கம் எங்கே செல்லும்?

இதனால் அந்நியச் சரக்கே ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல கருவி எங்கிருந்து வந்தாலும் வாங்கலாம். நம் கணக்கு மட்டும் அக்கருவிக்குள் சிறைப்படாதிருக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

உண்மை விலையைக் கணக்கிடுதல்

விளம்பரத்தில் காணும் விலை வேறு, சங்கத்தின் செலவு வேறு. ஓர் உதாரணம் பார்ப்போம். கணினி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா 100 டாலர் வீதம் பத்துக் கணினிக்கு 1,000 டாலர். டாலர் ஒன்றுக்கு 90 ரூபாய் என்று கணக்குக்காகக் கொண்டால் 90,000 ரூபாய். அயல்நாட்டிலிருந்து பெறும் இத்தகைய சேவைக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு, அது 16,200 ரூபாய். ஆக 1,06,200 ரூபாய். அந்நியச் செலாவணிக்காக வங்கி பிடிக்கும் கட்டணம் தனி. மறு ஆண்டு டாலர் 95 ரூபாயானால், விற்பவர் விலையை ஒரு காசும் கூட்டாமலே செலவு 1,12,100 ரூபாய் ஆகிவிடும்.

இவ்வரியைச் செலுத்துவது யார் என்பதிலும் கவனம் தேவை. சங்கம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருப்பின், விற்பவர் வரி போடாமலே பட்டியல் அனுப்புவார். வாங்கிய சங்கமே கணக்கிட்டு ரொக்கமாகச் செலுத்த வேண்டும். இதை அலுவலக வழக்கில் ரிவர்ஸ் சார்ஜ் என்பர். பட்டியலில் வரி இல்லையே என்று வாளாவிருந்த சங்கம், தணிக்கையின்போது வட்டியோடு கட்ட நேரிடும். கட்டிய வரியை வரவு வைத்துக் கொள்ள இயலுமா என்பது சங்கத்தின் விற்பனை வரிக்கு உட்பட்டதா என்பதைப் பொறுத்தது. கடனுக்கு வட்டி வாங்குவதே தொழிலாக உள்ள சங்கத்துக்கு அவ்வாய்ப்பு அரிது.

வருமான வரியைப் பிடித்தம் செய்துதான் அனுப்ப வேண்டுமா என்ற ஐயமும் நெடுநாள் இருந்து வந்தது. 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மென்பொருளைத் தாமே பயன்படுத்துவதற்காக அயல்நாட்டாருக்குக் கொடுக்கும் விலை, வரி ஒப்பந்தங்களின்படி ‘ராயல்டி’ ஆகாது. ஆகவே அதற்கெனப் பிடித்தம் வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. ஆனால் மென்பொருளை நிறுவித் தருதல், நமக்கேற்ப மாற்றித் தருதல், பயிற்சி அளித்தல் ஆகியவற்றுக்கான கூலி வேறு வகையைச் சேரக்கூடும். ஆதலின் பணம் அனுப்புமுன் பட்டயக் கணக்காயர் ஒருவரிடம் எழுத்து மூலம் கருத்துப் பெற்றுக் கோப்பில் வைப்பது சங்கத்துக்குக் காப்பு. அதே மென்பொருளை இந்திய முகவர் ரூபாயில், ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பட்டியலில் விற்பாராயின், இத்தொல்லைகளிற் பல நீங்கும். விலை சற்றுக் கூடினும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது.

தீர்மானம் எழுதுமுன்

நிர்வாகக் குழு கூடித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுமுன் கீழ்க்கண்டவற்றுக்கு விடை கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.

முதலாவது, உரிமம் சங்கத்தின் பெயரில் இருக்கின்றதா? கணக்கு சங்கத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலும், பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்தும் செல்ல வேண்டும். கடவுச்சொல் உறையிலிட்டு முத்திரையிடப்பெற்று இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். பொறுப்பு மாறும்போது சாவியோடு அதுவும் கைமாற வேண்டும்.

இரண்டாவது, இது கிரயமா, குத்தகையா? குத்தகையாயின், புதுப்பிக்கும் தேதி யாது, அறிவிப்பு எத்தனை நாளுக்கு முன் வரும், விலையை உயர்த்த வரம்பு உண்டா?

மூன்றாவது, சந்தா நின்றால் நம் விவரங்கள் யாதாகும்? எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய அட்டவணை வடிவில் முழுக் கணக்கையும் நாமே எடுத்துக் கொள்ள வழி உண்டா? இதனை விற்பவரின் வாய்ச் சொல்லில் நம்பாமல், வாங்குமுன் ஒரு முறை செய்து காட்டச் சொல்ல வேண்டும். செய்து காட்ட இயலாத சரக்கு எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

நான்காவது, வழக்கு நேர்ந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்? ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இது இருக்கும். கடல் கடந்து வழக்காடச் சங்கத்தால் இயலாது. ஆகவே பல ஆண்டுப் பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டுதல் ஆகாது. ஓராண்டுக்கு மேற்படாமல் கட்டுவது நஷ்டத்துக்கு எல்லை கட்டும்.

ஐந்தாவது, அங்கத்தினரின் பெயர், ஆதார், நிலம், கடன் பற்றிய விவரங்கள் எங்கே வைக்கப்படுகின்றன? 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கும் கடமையைத் தகவல் சேகரிப்போர்மீது சுமத்துகிறது. மென்பொருள் பிறருடையதாயினும் அங்கத்தினருக்குப் பொறுப்பாளி சங்கமே.

ஆறாவது, மாதந்தோறும் கடைசி நாளில் அங்கத்தினர் பாக்கிப் பட்டியலும் இருப்புப் பட்டியலும் தாளில் அச்சிடப்பட்டுக் காரியதரிசியின் கையொப்பத்துடன் கோப்பில் ஏறுகின்றனவா? 2024 ஜூலை 19 அன்று ஓர் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான திருத்தத்தால் உலகில் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கியபோது, நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விமானக் கம்பெனிக்கே காகிதம் வேண்டியிருந்தது என்றால் நம் குமாஸ்தாவின் நோட்டு எவ்வாறு வீண் வேலையாகும்?

கூடி வாங்குதல்

தனித்தனியே கடைக்குப் போனால் சில்லறை விலை, சேர்ந்து போனால் மொத்த விலை என்பதற்காகத்தானே நாம் சங்கம் கண்டோம்? நூலுக்கும் உரத்துக்கும் கடைப்பிடித்த இம்முறையை மென்பொருளுக்கும் கடைப்பிடிக்கலாம். பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் பேசினால், விலையும் குறையும். விவரங்களைத் திருப்பித் தரும் நிபந்தனையையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இவ்வழி ஏற்கெனவே திறக்கப்பட்டுள்ளது. 63,000 சங்கங்களைப் பொதுவான ஒரே மென்பொருளின்கீழ்க் கொணர 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஏற்றது. நபார்டு வங்கி அதனை நடத்தும் பொறுப்பேற்றது.

காசின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்களும் உள. கேரள அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாக லினக்ஸ் வகையைக் கொண்டே பாடம் நடத்தி வருகின்றன. கடிதத்துக்கும் அட்டவணைக்கும் லிபர் ஆபீஸ் போதுமானது. தமிழும் அதில் இயங்கும். இவற்றுக்கும் உரிமம் உண்டு. ஆனால் அவ்வுரிமம் படியெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் திருத்திக் கொள்ளவும் இடந்தருவது. வீட்டில் பத்திரப்படுத்திய கருங்கண்ணி விதையைப் போன்றது எனலாம். கற்றுக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே சேரும்.

நாம் முன்னர்க் குறித்த நெசவாளர் சங்கம் இப்போதும் அந்த அந்நிய மென்பொருளையே பயன்படுத்துகிறது. டிசைன் வேலைக்கு அது சிறந்தது என்று அவர்கள் கருதுகிறார்கள். ஆனால் உரிமம் சங்கத்தின் பெயருக்கு மாறிவிட்டது. கூலிக் கணக்கு தனியே, சங்கத்துக் கணினியிலேயே எழுதப்படுகிறது. மாதக் கடைசியில் அச்சிட்ட பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. சென்ற ஆய்வின்போது அந்த அம்மையார் பலகையின் முன் நின்று, தம் பெயருக்கு நேராக இருந்த தொகையைப் பேரனைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டுக் கொண்டிருந்தார். 

அங்கத்தினர்களே! அடுத்த பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படும்போது, “நம் கணக்கு எங்கே இருக்கிறது? நாம் கேட்டால் இன்றே கைக்கு வருமா?” என்று எழுந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை வைத்திருப்பது நிர்வாகக் குழுவின் கடமை.